இரண்டு கண்ணோடும் வெளியே வந்தவர்

சற்குணம் மாஸ்டருக்கும், பிஷப் என்று சொல்லப்படும் ஆயர்மாருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காலையில் குளித்து, நெற்றியில் மூன்று குறி இழுக்காமல் தேத்தண்ணியில் வாய் வைக்காத சைவர் அவர். யாழ்ப்பாணத்தில் ஒரு சைவப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். வேதக்காரர்களைப் பற்றி, அதாவது கிறிஸ்தவர்களைப் பற்றி, அவருக்குத் தெரிந்ததெல்லாம் நத்தாருக்குக் கேக் கொடுத்தனுப்புவார்கள், வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதில் முட்டை இருக்கும் என்பதுதான்.

அப்படிப்பட்ட மனிதர் 1997ஆம் ஆண்டில் ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாம் வீட்டுக் குசினி மேசையில், ஆயர்மாரைப் பற்றிய புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார் என்றால், அதற்குக் காரணம் நேரசூசி, அதாவது பாட அட்டவணை. இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டுமானால் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் சில பாடங்களாவது எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பகலில் அவர் ஹென்டர்சனில் ஒரு தொழிற்சாலையில் அலுமினிய யன்னல் சட்டம் பொருத்தினார். மாலையில் நடந்த சரித்திரப் பாடமோ ஒன்றே ஒன்று: ஆதித் திருச்சபையின் வரலாறு. என்ன செய்ய, அதையே எடுத்தார்.

“என்னப்பா, வேதத்துக்கு மாறப் போறியளோ?” என்று மனைவி கௌரி முதல் நாளே கேட்டுவிட்டாள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறவள். வாய்க்குப் பூட்டுப் போடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. மாஸ்டர் அந்தப் பகிடியை ரசிக்கவில்லை. பாடத்தைத்தான் படிக்கப் போகிறேன், மதத்தை இல்லை என்று முகத்தை நீட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்.

விரிவுரையாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண். சப்பாத்தைக் கழற்றி மேசைக்குக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்று படிப்பிப்பார். காலைப் பார்ப்பதா கரும்பலகையைப் பார்ப்பதா என்பதிலேயே மாஸ்டருக்கு முதல் வகுப்புப் போய்விட்டது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த அம்மாவுக்குக் கதை சொல்லத் தெரிந்திருந்தது.

திருச்சபைக்கு முதன்முதலில் முழுசாக ஒரு வரலாறு எழுதியவரே ஓர் ஆயர்தானாம். பாலஸ்தீனத்துக் கடற்கரைப் பட்டணம் ஒன்றின் ஆயர். அவருடைய புத்தகத்தில் காலம் நகர்வதே ஆயர்மாரால்தான். ரோமாபுரியில் இன்னாருக்குப் பிறகு இன்னார், அலெக்சாந்திரியாவில் இன்னாருக்குப் பிறகு இன்னார் என்று, முதல் சீடர்களிலிருந்து தன் காலம் வரைக்கும் கண்ணி அறாமல் கோத்துக்கொண்டு போகிறார். சிலருக்குப் பெயரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. வந்தார், இருந்தார், செத்தார், அடுத்தவர். ஆயர்மார் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைப் பக்கம் பக்கமாக எடுத்து எழுதி வைக்கிறார். ஆயர்மாரோடு முட்டுப்பட்டவர்களும் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் திட்டு வாங்கத்தான் வருகிறார்கள். தங்கள் பக்கத்து நியாயத்தை அவர்கள் என்ன சொன்னார்களோ, அது அநேகமாக அவர்களோடு போய்விட்டது.

அரசர் வரிசையைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வைத்த வாத்தியாருக்கு இது பழகின சங்கதியாகத்தான் இருந்தது. இருந்தாலும் எங்கேயோ ஒரு இடத்தில் அரிக்கத் தொடங்கியது. எழுதுகிறவரும் ஆயர், எழுதப்படுகிறவரும் ஆயர், கடிதம் போட்டவரும் ஆயர் என்றால் இந்த மனிதர்கள் சொல்லாமல் விட்டதை எங்கே போய்த் தேடுவது? ஹென்டர்சனில் யன்னல் சட்டத்துக்கு ஆணி முறுக்கும்போதும் அதே யோசனை. ஆதித் திருச்சபையின் வரலாற்றெழுத்தில் ஆயர்களின் பங்கு என்ன என்று அந்த அம்மா கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்தபோது, மாஸ்டர் தன்னை அறியாமல் தலையாட்டிக்கொண்டார்.

இனி பாஸ்கரனைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கதையில் பாதி விளங்காது.

பாஸ்கரன் போன வருடம்தான் ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தவன். சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் முன்சாமி என்கிற பிஜிக்காரரின் பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினான், கடைக்குப் பின்னால் இருந்த அறையில் படுத்தான். ஊரில் அவன் மாஸ்டரின் அடுத்த வீட்டுப் பொடியன். மாஸ்டரின் தம்பி ரஜிதனும் அவனும் ஒரே வயது, ஒரே சைக்கிள், ஒரே கூத்து. தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் இரண்டு பேரையும் ஒரே லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில மாதம் கழித்துப் பாஸ்கரன் முகாமிலிருந்து நடந்து வெளியே வந்தான், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல். ரஜிதன் வரவில்லை. இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து புதிதாக ஓர் ஆள் வந்தால் முதல் கேள்வி “எவடம்?” என்பதுதான். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று கேட்பார்கள். ஒழுங்கையைச் சொன்னால் மதவடியோ கோயிலடியோ என்பார்கள். கடைசியில் ஆளைத் தங்கள் சித்தப்பாவின் மைத்துனருக்கு எப்படியாவது சொந்தமாக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். ஆனால் முகாமிலிருந்து வந்தவனிடம் எப்படி வெளியே வந்தாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்வியை அவன் போனபிறகு தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள், பதிலையும் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். நம்மவர்கள் கூடி நடத்துகிற வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பாஸ்கரன் வந்துவிட்டுப் போனதும், அதை முன்னின்று நடத்தும் ஏரம்பமூர்த்தி ஐயா சுண்டலை மென்றுகொண்டே குரலைத் தாழ்த்துவார்: தலையாட்டியாக இருந்திருப்பான். முகமூடிக்குள் இருந்து தலையை ஆட்டி ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஊரில் அதுதான் பெயர். மாஸ்டர் அதற்கு ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை.

இப்போது பாஸ்கரனின் அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, மேல்முறையீட்டில் நின்றது. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் விசாரித்த அதிகாரி கேட்ட கேள்வி என்ன தெரியுமா? நீ சொல்கிறபடி அந்த முகாமில் இருந்திருந்தால் உன் உடம்பில் ஒரு தழும்பாவது இருக்காதா? எப்படி விட்டார்கள்? தெரியாது, விட்டார்கள் என்று பாஸ்கரன் சொல்லியிருக்கிறான். அது எடுபடவில்லை. முகாமில் இருந்தான் என்பதற்குச் சாட்சி சொல்ல ஆக்லாந்து முழுவதிலும் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அவனோடு ஒரே லொறியில் ஏற்றப்பட்டவனின் தமையன். வழக்கறிஞர் மாஸ்டருக்கு இரண்டு தரம் போன் எடுத்தார். மாஸ்டர் வருகிறேன் என்றும் சொல்லாமல், வரமாட்டேன் என்றும் சொல்லாமல், கட்டுரை முடியட்டும் என்று இழுத்தடித்தார்.

“நீங்கள் போய்ச் சொல்லாட்டி அந்தப் பொடியனை அனுப்பிப்போடுவாங்கள்,” என்றாள் கௌரி.

“என்ரை தம்பியைக் காட்டிக்கொடுத்தவனோ இல்லையோ எண்டு தெரியாமல் நான் என்னத்தைச் சொல்ல?” என்றார் மாஸ்டர்.

இப்படி மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் திரிந்த நாளில்தான், வெறுங்கால் அம்மா ஒற்றைக்கண் ஆயரின் கதையைச் சொன்னார்.

வரலாறு எழுதினாரே, அந்தக் கடற்கரைப் பட்டணத்து ஆயர், அவருடைய நடுவயதில் ரோம அரசு கிறிஸ்தவர்களைப் பெரிதாகத் துன்புறுத்தியது. கோயில்களை இடித்தார்கள், புத்தகங்களை எரித்தார்கள், தெய்வங்களுக்குப் பலி கொடு, இல்லாவிட்டால் சாவு என்றார்கள். எல்லாம் ஓய்ந்து, அரசனே கிறிஸ்தவர்களின் பக்கம் சாய்ந்து, நம்முடைய ஆள் பெரிய ஆயராகி, வேறோர் ஆயரை விசாரிக்க நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார். அப்போது எகிப்திலிருந்து வந்த ஒரு கிழ ஆயர் எழுந்து நிற்கிறார். அவருக்கு ஒரு கண் இல்லை. நீயும் நானும் ஒன்றாகத்தானே சிறையில் கிடந்தோம், நான் கண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன், நீ எப்படி ஒரு பழுதும் இல்லாமல் வெளியே வந்தாய் என்று சபை நடுவே கேட்கிறார்.

மாஸ்டருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. கையை உயர்த்தி, அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டார்.

பதில் இல்லை, கோபத்தோடு எழுந்து சபையைக் கலைத்துவிட்டாராம் என்றார் அந்த அம்மா. இதை எழுதி வைத்தது யார் என்று மாஸ்டர் விடவில்லை. எதிர்ப்பக்கத்தோடு நின்ற இன்னோர் ஆயர், ஒரு தலைமுறைக்குப் பிறகு, என்று பதில் வந்தது. அப்படியென்றால் அவர் பதில் சொல்லவில்லையா, சொன்னதை இவர் எழுதவில்லையா என்று மாஸ்டர் மறுபடியும் கேட்டார். அந்த அம்மா சிரித்து, அதைத்தான் நீங்கள் கட்டுரையில் எழுதவேண்டும் என்றார்.

அதன் பிறகு மாஸ்டரைப் பிடிக்க முடியவில்லை. சனிக்கிழமை முழுவதும் நூலகம். ஆயர் எழுதிய வரலாற்றில் துன்புறுத்தல் வருகிற பகுதியை வரி வரியாகத் தடவினார். அங்கே அந்த மனிதர் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்: ஆயர்மார் ஒருவரோடொருவர் அடிபட்டதையும், பயந்து மறுதலித்தவர்களின் கதையையும் நான் எழுதப்போவதில்லை, படிப்பவருக்குப் பயன்படுவதை மட்டும் எழுதுவேன். தன் குருவைச் சிறையில் வைத்துக் கொன்றதை உருக உருக எழுதியவர், தான் எப்படி வெளியே வந்தார் என்பதற்கு ஒரு வரி வைக்கவில்லை. மாஸ்டர் கட்டுரையின் முதல் படியில், பதில் சொல்லாமல் எழுந்து போவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்று அழுத்தி எழுதினார். எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திருப்தி வரவில்லை. பிறகும் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்தார்.

கௌரிக்குப் பொறுக்கவில்லை.

“அந்த மனிசன் செத்து ஆயிரத்தறுநூறு வருசம். அவர் எப்பிடி வெளியிலை வந்தவர் எண்டு நீங்கள் தலைகீழா நிண்டாலும் அறியேலாது. கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஆள் முன்சாமியின்ரை கடையிலை அரிசிமூட்டை தூக்கிக்கொண்டு நிக்கிறான். அவனைக் கேக்க உங்களுக்குப் பயம்.”

அவள் சொன்னது சுட்டது, ஏனென்றால் உண்மை. விசாரணை செவ்வாய்க்கிழமை. ஞாயிறு பின்னேரம் மாஸ்டர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முன்சாமியின் கடைக்கு நடந்தார்.

முன்சாமி கல்லாவில் இருந்தார். அவருடைய தாத்தா காலத்திலேயே பிஜிக்குக் கரும்பு வெட்டப் போன குடும்பம். வணக்கம் என்பதற்கு மேல் அவருக்குத் தமிழ் ஓடாது. பாஸ்கரன் எங்கே என்று கேட்காமலே பின்பக்கத்தைக் கைகாட்டினார். அங்கே பாஸ்கரன் பருப்பு மூட்டைகளைப் பிரித்துச் சின்னப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தான். மாஸ்டரைக் கண்டதும் எழுந்து, ஒரு மூட்டையைத் துடைத்து, இருக்கச் சொன்னான். மாஸ்டர் இருக்கவில்லை. இருந்தால் நலம் விசாரிக்க வேண்டிவரும், நலம் விசாரித்தால் கேள்வி உள்ளேயே போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

“பாஸ்கரன், நீர் எப்பிடி வெளியிலை வந்தனீர்?”

பாஸ்கரன் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தான். இதை நீங்கள் ஒருநாளும் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன் என்றான். பிறகு, மூட்டையின் நூலைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டே, சொல்லத் தொடங்கினான்.

ஒரு நாள் காலை முகாமுக்கு ஓர் ஆயர் வந்தாராம். வெள்ளை அங்கி, இடுப்பில் ஊதாப் பட்டி, நல்ல வயது. வாசலில் நின்று பொறுப்பாளரோடு வெகுநேரம் வாதாடினார். கடைசியில், உன்னுடைய வேதக்காரப் பொடியன்களை மட்டும் கூட்டிக்கொண்டு போ, மற்றவர்களைப் பற்றி வாயைத் திறக்காதே என்று விட்டார்கள். ஆயர் உள்ளே வந்து, எங்கட பிள்ளையள் ஆர், எழும்புங்கோ என்றார். மூலையில் இருந்த சிலர் எழுந்தார்கள். பாஸ்கரனும் எழுந்துவிட்டான். காவலுக்கு நின்றவன் சந்தேகப்பட்டு, செபம் சொல்லு பார்ப்போம் என்றான். சின்ன வயதில் சிஸ்டர்மாரின் பாலர் பள்ளியில் பாடமாக்கின செபம், எங்கள் பிதாவே என்று வருகிறது, ஒரு சொல் பிசகாமல் வாயில் வந்தது. ஆனால் வலது கையில் கோயிலில் கட்டின மஞ்சள் நூல்.

“நூலை ஆயர் கண்டிட்டார், அண்ணை. ஒண்டும் சொல்லேல்லை. அந்த மணிக்கட்டைப் பொத்திப் பிடிச்சார். வாசல் கழியும் மட்டும் விடேல்லை.”

மாஸ்டருக்கு முதலில் வந்தது ஆச்சரியம்தான். பழைய கதையில், தான் கிறிஸ்தவன் இல்லை என்றவன் தப்பினான், கிறிஸ்தவன் என்றவன் செத்தான். இங்கே எல்லாம் தலைகீழாக நடந்திருக்கிறது. அந்த ஆயர் இதை எங்கேயாவது எழுதி வைத்திருப்பாரா? எழுதியிருக்கமாட்டார். எழுதினால் அவரும் பொய் சொன்னவர், அடுத்த முகாம் வாசலில் அவரை ஒருவரும் நம்பமாட்டார்கள். சொல்லாமல் விட்டால் குற்றம் என்றல்லவா தான் அழுத்தி எழுதியிருக்கிறோம் என்று நினைக்க மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கியது போலவும் இருந்தது. இவன் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு செபத்தைச் சொல்லி நடந்து வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

இதை ஏன் அதிகாரியிடம் சொல்லவில்லை என்று கேட்டார். வேதம் என்று சொல்லித் தப்பினவன் என்று பூசைக்கு வருகிறவர்கள் இளப்பமாகப் பார்ப்பார்கள் என்ற கூச்சமா என்றும் கேட்டார். பாஸ்கரன் அதற்கு ஓம் என்று தலையாட்டியிருக்கலாம். ஆட்டியிருந்தால் மாஸ்டர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அவன் தலை குனிந்தபடியே இருந்தான். அந்தக் குனிவில் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று சரித்திர வாத்தியாருக்குப் பட்டுவிட்டது. விட்டேனா பார் என்று யோசித்தார். யோசித்த மாத்திரத்தில் அடுத்த கேள்வி தானாக வந்தது. சிஸ்டர்மாரின் பாலர் பள்ளிக்கு இந்த இரண்டு பேரும் ஒன்றாகத்தானே போனார்கள்.

“ரஜிதனுக்கும் அந்தச் செபம் தெரியும்,” என்றார்.

“ஓம் அண்ணை.”

“பிறகேன் அவன் எழும்பேல்லை?”

வேண்டாம் அண்ணை, விடுங்கோ என்றான் பாஸ்கரன். மாஸ்டர் விடவில்லை. சொல்லும், நான் கேட்கத்தான் வந்தனான் என்றார்.

“நான் அவன்ரை சட்டையைப் பிடிச்சு இழுத்தனான். சிரிச்சவன். ‘அண்ணை அறிஞ்சால் வீட்டு வாசல் மிதிக்க விடமாட்டார், நீ போ’ எண்டவன்.”

மாஸ்டர் இப்போதுதான் அந்த மூட்டையில் உட்கார்ந்தார். அவன் சொன்னது பொய் இல்லை. பெரியப்பாவின் மகன் வேதக்காரப் பெண்ணைக் கட்டியபோது, இனி அவன் நிழல் இந்த வாசலில் விழக்கூடாது என்று சாப்பாட்டுக்கு இருக்கையில் முழங்கியவர் இவர்தான். எதிரே இருந்து, சோற்றைப் பிசைந்துகொண்டு, கேட்டுக்கொண்டிருந்தவன் ரஜிதன். அவர் வாய்விட்டு அழுதார். முன்சாமி ஓடிவந்து பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல், ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார்.

பாஸ்கரனை இந்த நாட்டில் இருக்க விட்டுவிட்டார்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு அந்தரமாக இருக்கும். கட்டுரையும் பிந்தித்தான் போனது. முதல் படியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார், பி பிளஸ் கிடைத்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

நகரத்தில் ஒரு கட்டிடத்தின் மேல்மாடியில் சின்ன அறை. விசாரித்த அதிகாரி மரியாதையான மனிதர், கேட்டதை எல்லாம் கையாலேயே எழுதிக்கொண்டார். லொறியைப் பற்றிக் கேட்டார், மாஸ்டர் சொன்னார். முகாமைப் பற்றிக் கேட்டார், சொன்னார். ஆயர் வந்ததையும், செபத்தையும், மஞ்சள் நூலையும் மாஸ்டர் ஆங்கிலத்தில் ஒழுங்காக, வகுப்பில் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அதிகாரி பேனாவை நிறுத்தி, இவ்வளவு நல்ல காரணத்தை இந்த இளைஞர் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

பாஸ்கரன் பக்கத்தில் இருந்து மாஸ்டரின் முழங்கையைத் தொட்டான். சொல்லவேண்டாம் என்று அர்த்தம். கூச்சத்தால் என்று சொன்னால் போதும் என்று வழக்கறிஞரும் முதலே சொல்லியிருந்தார்.

“எனக்காக,” என்றார் மாஸ்டர். “என் தம்பிக்கும் அந்தச் செபம் தெரியும். நான் அதை அறியக்கூடாது என்று இவர் ஏழு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு, மன்னிக்கவேண்டும், இது வழக்குக்குத் தேவைப்படாது, இதை நான் எழுதாமல் விட்டுவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

“இல்லை, எழுதுங்கள்,” என்றார் சற்குணம் மாஸ்டர். “அவன் எழும்பியிருக்கலாம். எனக்குப் பயந்து எழும்பவில்லை.”